ஸாண்ட்விச்சும் சொதியும்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் புதிதாக ஒரு ஸாண்ட்விச் கடை திறந்திருக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். நாவலைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்த மனிதர் கடைசியில் ரொட்டித் துண்டுக்கு இறங்கிவிட்டாரே என்று சிலர் வருத்தப்படவும் கூடும். புதிதாக வந்த ஒரு நாவலைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை உண்டோ, அதே யோக்கியதை இதற்கும் உண்டு. சொந்தக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஆரம்பம் முதல் கடைசி வரை தின்று முடித்திருக்கிறேன். புத்தக விமர்சகர்களில் எத்தனை பேர் இந்த இரண்டையும் சத்தியமாகச் சொல்ல முடியும் என்பது எனக்குத் தெரியாது.

கடையின் பெயரை மட்டும் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பின்னால் சொல்லுகிறேன்.

திருநெல்வேலி என்று வெளியூர்க்காரர்கள் ஒரே பெயராகச் சொல்லிவிட்டாலும், தாமிரபரணிக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் இரண்டு ஊர்கள். மேற்கே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி டவுன், கிழக்கே பாளையங்கோட்டை. இரண்டையும் இணைப்பது 1843-ல் கட்டி முடித்த சுலோசன முதலியார் பாலம். பாலம் வந்து இத்தனை காலமாகியும் இரண்டு கரையின் நாக்குகளும் முழுக்க ஒன்று சேர்ந்துவிடவில்லை. டவுன்பக்கம் அல்வா, எங்கள் பக்கம் கேக். 1820-ல் ரேனியஸ் பாதிரியார் பாளையங்கோட்டைக்கு வந்தார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் வந்தன, கல்லூரிகள் வந்தன. கல்லூரிகளோடு விடுதிகளும், விடுதிகளோடு பசித்த பிள்ளைகளும் வந்தார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் பஜாரில் நடந்தால் கேக் வேகிற வாசனை மூக்கைத் துளைக்கும். ஆகவே எங்கள் ஊருக்கு ரொட்டி புதிய சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ரொட்டிக்கு எங்கள் வீடுகளில் ஒரு கெட்ட பெயர் இருந்தது. அது காய்ச்சல்காரர்களின் ஆகாரம். எனக்குச் சிறு வயதில் காய்ச்சல் வந்தால் அப்பா அலுவலகத்திலிருந்து வரும்போது மெழுகுத்தாள் சுற்றிய ரொட்டி ஒன்றை வாங்கி வருவார். ஆச்சி அதைப் பிய்த்துப் பாலில் போட்டு, கூழாக்கி, கரண்டியால் ஊட்டுவாள். அப்பா கையில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததுமே எதிர்வீட்டு மாமா திண்ணையிலிருந்து, "வீட்ல யாருக்கு மேலுக்கு முடியலை?" என்று விசாரிப்பார். ரொட்டி வாங்குகிறவன் வீட்டில் யாராவது படுத்திருக்கத்தான் வேண்டும் என்பது தெருவின் தீர்மானம். இன்றைக்குக் காலம் மாறிவிட்டது. ஆனாலும் என் வயதுக்காரர்களுக்கு ரொட்டித் துண்டைக் கண்டால் நாக்குக்கு முன்னால் நெற்றிதான் சுடுகிறது.

இப்படிப்பட்ட ஊரில், தேக ஆரோக்கியமாக இருக்கிறவர்களிடம் ரொட்டியை விற்க ஒருவர் கடை திறந்திருக்கிறார் என்றால், அவருடைய தைரியத்துக்காகவே ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. நானும் என் மனைவியும் போனோம்.

வீட்டின் முன்னறையைத்தான் கடையாக மாற்றியிருக்கிறார்கள். திண்ணையை இடித்துக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள். நான்கு மேஜைகள். சுவரில் கறுப்புப் பலகை ஒன்று. அதில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியால் இருபத்திரண்டு அயிட்டங்கள். கடையின் பெயருக்குக் கீழே 'டெலி' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைத் தப்பாகப் படித்துவிட்டு, "டெல்லிக்காரன் கடையா?" என்று என்னிடம் கேட்டார். டெல்லிக்காரன் அல்ல. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பையன்தான். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். பெங்களூரில் சில வருஷம் ஓட்டல் சமையலறைகளில் வேலை பார்த்துவிட்டு, ஊரோடு இருக்கலாம் என்று வந்தவர். அவர் மனைவி கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். அம்மா பின்கட்டில் இருந்தார்.

'டெலி' என்பது ஜெர்மன் வார்த்தையின் சுருக்கம். சுவையான தின்பண்டங்கள் என்று அர்த்தம். அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜெர்மானியர்களும் யூதர்களும் நியூயார்க்கில் வைத்த சின்னச் சின்னக் கடைகளுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. 1888-ல் தொடங்கிய காட்ஸ் கடை இன்னும் அங்கே நடக்கிறது. உப்பிலும் மசாலாவிலும் ஊறவைத்துப் புகைபோட்ட இறைச்சியைக் கம்பு ரொட்டியைப் போன்ற ஒரு கறுப்பு ரொட்டிக்கு நடுவில் அடுக்கிக் கொடுப்பார்கள். பிறந்த ஊரை விட்டு வந்த ஜனங்கள், பிறந்த ஊரின் ருசியை வந்த ஊரில் விற்றுப் பிழைத்த இடம் அது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஸாண்ட்விச் என்ற பெயருக்குச் சொந்தக்காரர் இங்கிலாந்தில் அந்தப் பட்டம் வகித்த நான்காம் பிரபு. பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர். சூதாட்ட மேஜையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் ரொட்டிக்கு நடுவே இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்று கதை. கதை உண்மையோ பொய்யோ, 1762-ல் வரலாற்றாசிரியர் கிப்பன் தம் நாட்குறிப்பில் அந்த வார்த்தையை எழுதியிருக்கிறார். ஆக, ஸாண்ட்விச் என்பது ஒரு கையால் சாப்பிடுவதற்கு ஏற்பட்ட பண்டம். இன்னொரு கையில் சீட்டு இருந்தாலும் சரி, இந்தக் காலத்தில் கைப்பேசி இருந்தாலும் சரி. கை அழுக்காகக் கூடாது. உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது. ரொட்டி நனையக் கூடாது. இந்த மூன்றும்தான் அதற்கு இலக்கணம்.

முதல் நாள் நான் 'மெக்ஸிகன்' என்பதைக் கேட்டேன். விலை 120 ரூபாய். என் மனைவி 'இத்தாலியன்' கேட்டாள். பளபளப்பான தட்டில், மூலைவிட்டமாக வெட்டி, பல்குச்சி குத்தி வந்தன. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. மெக்ஸிகனுக்குள் மக்காச்சோளமும் குடமிளகாயும் வெள்ளையாக ஒரு பசையும் இருந்தன. சோளம் மெக்ஸிகோவின் பயிர் என்கிற பூகோள ஞானத்தைத் தவிர வேறொன்றும் அதிலிருந்து எனக்குக் கிடைக்கவில்லை. நாக்குக்குப் பட்டதெல்லாம் அந்தப் பசைதான். மயோனைஸ் என்று பெயர். பிறகு மனைவியின் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே பசை, மேலே கொஞ்சம் காய்ந்த இலைத்தூள். மெக்ஸிகோவுக்கும் இத்தாலிக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் இருக்கிறது என்று படித்திருக்கிறேன். இந்தக் கடையில் ஒரு சிட்டிகைத் தூள்தான் இருந்தது.

இன்னொரு குறை தொழில் சம்பந்தமானது. தக்காளியையும் வெள்ளரிக்காயையும் நேரே ரொட்டிமேல் அடுக்கியிருந்தார்கள். பாதி தின்பதற்குள் அடித்துண்டு ஊறி, கையோடு வந்துவிட்டது. பம்பாய்த் தெருக்களில் ஸாண்ட்விச் விற்கிறவர்கள் முதலில் ரொட்டி முழுக்க, ஓரம் வரைக்கும், வெண்ணெய் தடவுவார்கள். அதற்குமேல் கொத்தமல்லிச் சட்டினி. அதற்குமேல்தான் உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி எல்லாம். வெண்ணெய் ருசிக்காக மட்டும் இல்லை. காயின் தண்ணீர் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கிற அணை அது. மருதூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் ஆற்றையே மறித்து வயலுக்குத் திருப்பிவிட்ட ஜில்லாவில் ஒரு தக்காளித் துண்டின் தண்ணீரை மறிக்கத் தெரியாமல் போவானேன்?

ரொட்டியும் புதிதில்லை. முதல் நாள் சுட்டது என்று தின்றவுடனே தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து கூப்பிட்டார். "என்ன தம்பி, எப்படி இருக்கு? நமக்கு எதுக்கு இந்த மாதிரி எல்லாம்? இட்டிலி, தோசை இல்லாத ஊரா?" என்றார்.

கடையில் எனக்கு மனக்குறை இருந்தது வாஸ்தவம். ஆனால் இந்தக் கேள்வியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 'நம்ம ஊருக்கு எதற்கு' என்ற வாதத்தைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோனால், எங்கள் இலையில் சோற்றைத் தவிர அதிகமாக ஒன்றும் மிஞ்சாது. மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. தூத்துக்குடி மக்ரூனைச் சொல்லுங்கள்: முட்டையின் வெள்ளைக்கருவையும் முந்திரிப்பருப்பையும் சர்க்கரையையும் அடித்துச் சுடுகிற பண்டம். பெயரைக் கேட்டாலே கப்பல் ஏறி வந்தது என்று தெரியும். முந்திரியே போர்ச்சுகீசியரோடு பிரேசிலிலிருந்து வந்ததுதான்.

எல்லாவற்றிலும் பெரிய சாட்சி எங்கள் அல்வா. வார்த்தை அரபி வார்த்தை. அதை இந்த ஊருக்குக் கொண்டுவந்து கிண்டியவர்கள் வடக்கேயிருந்து வந்து குடியேறிய ராஜபுத்திரக் குடும்பத்தினர். அதற்கு வேண்டிய கோதுமை தாமிரபரணிப் பாசனத்தில் விளைகிறதே இல்லை. இது நெல்லுக்கே பேர்போன சீமை. பெயரும் வெளியூர், கைப்பக்குவமும் வெளியூர், தானியமும் வெளியூர். ஆனாலும் இன்றைக்கு யாராவது அல்வா எங்கள் ஊருடையது இல்லை என்று சொன்னால் ஊரே சண்டைக்கு வரும். 'அல்வா கொடுத்துவிட்டான்' என்று ஏமாற்றுக்குப் பெயர் வைத்துத் தமிழ்நாடு முழுக்கச் சிரிக்கிறார்களே, அதற்குக்கூட நாங்கள் கோபித்துக்கொள்வதில்லை. நம்முடைய பண்டம் என்பதால்தானே நம்மைக் கேலி செய்கிறார்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம்.

எப்படி நம்முடையதாயிற்று? தாமிரபரணித் தண்ணீரின் விசேஷம் என்று ஊரில் பாதிப்பேர் சொல்லுவார்கள். எங்கள் ஊரில் எந்தக் கேள்விக்கும் இந்தப் பதில் உண்டு. அல்வா ருசித்தாலும் தண்ணீர். பையன் பரீட்சையில் தேறினாலும் தண்ணீர். நான் ஆற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கோதுமையை ஊறப்போட்டு, அரைத்து, பால் பிழிந்து, தெளியவைத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு அடுப்பின் முன்னால் மணிக்கணக்காக நின்று கிண்டுகிற கையை மறந்துவிட்டு ஆற்றுக்குப் பட்டம் கொடுப்பது நியாயமில்லை. கீழரத வீதியில் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. சாயங்காலம்தான் திறப்பார்கள். மங்கின வெளிச்சத்தில் விற்றதால் ஜனங்களே வைத்த பெயர் அது. விலைப்பட்டியல் படித்துத் தேர்ந்தெடுக்கிற வேலை வாங்குகிறவர்களுக்கு இல்லை. அல்வாவுக்காகவே வருகிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள், தீர்ந்துவிட்டால் நாளைக்கு வருகிறார்கள். வெளியிலிருந்து வந்த பண்டத்தை ஒரு குடும்பம் தன்னுடையதாக எண்ணித் தினமும் செய்தது. ஊர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு ஊரும் தன்னுடையது என்று சொல்ல ஆரம்பித்தது.

ஆகவே ஸாண்ட்விச் எங்கள் ஊருக்கு வரக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வந்ததற்கு இந்தப் பையனின் கை எங்கே என்பதுதான் என் கேள்வி. அந்த இருபத்திரண்டில் அதை எங்கும் காணோம்.

இவ்வளவையும் அன்று இரவே எழுதி அனுப்பியிருக்கலாம். மெக்ஸிகோவையும் இத்தாலியையும் பற்றி அந்த ஒரு வாக்கியம் அப்போதே மனதில் உருவாகிவிட்டது. பேனாவையும் எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். கடையின் பெயரைச் சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு என்றேன் அல்லவா? அது இதுதான்.

இருபது வருஷத்துக்கு முன்னால் டவுனில் என்னை அறிந்த ஒரு வாலிபர் சிற்றுண்டிக் கடை ஒன்று திறந்தார். திறந்த மூன்றாம் நாள் நான் போனேன். இட்டிலி கொஞ்சம் கனமாக இருந்தது. அப்போது உள்ளூரில் வந்துகொண்டிருந்த ஒரு சிறு பத்திரிகையில் நான் ஒரு பக்கம் எழுதிவந்தேன். 'இந்தக் கடை இட்டிலியைத் தின்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். அதனால் எறிபட்டவர்கள்தான் பிழைக்க மாட்டார்கள்' என்று எழுதினேன். நன்றாக எழுதிவிட்டதாக எனக்கு எண்ணம். நண்பர்கள் கையைக் குலுக்கினார்கள். கல்லூரிப் பையன்கள் அந்த வாக்கியத்தைக் கடை வாசலிலேயே நின்று சொல்லிச் சிரித்தார்களாம். ஐந்தாவது மாசம் கடையை மூடிவிட்டார்கள். வாடகை அதிகம், பங்காளியோடு தகராறு என்று பல காரணம் சொன்னார்கள். என் வாக்கியமும் அவற்றில் ஒன்றா என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து வேறு ஊரில், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து சரக்கு மாஸ்டர் எட்டிப் பார்த்தார். அவர்தான். "நல்லா இருக்கியளா அண்ணாச்சி?" என்றார். பையனை அனுப்பாமல், தாமே நாலு இட்டிலி கொண்டுவந்து இலையில் வைத்துவிட்டு உள்ளே போனார். வேறொன்றும் பேசவில்லை. இட்டிலி பூப்போல இருந்தது. அதைப் பற்றி நான் எந்தப் பத்திரிகையிலும் எழுதவில்லை.

அன்றிலிருந்து ஒரு விரதம் வைத்திருக்கிறேன். புதிதாகத் திறந்த கடையானாலும், முதல் புத்தகம் எழுதிய ஆசிரியரானாலும், மூன்று தடவை போகாமல் வாயைத் திறப்பதில்லை. குறையைச் சொல்லாமல் விடுவதாக அர்த்தம் இல்லை. குறை இன்றைக்கு ஏற்பட்டதா, என்றைக்கும் இருப்பதா என்று தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும் என்பதுதான்.

இரண்டாம் தடவை ஒரு வாரம் கழித்துத் தனியாகப் போனேன். பையன் என்னைத் தெரிந்துகொண்டுவிட்டார். "பத்திரிகையில எழுதப் போறியளோ அண்ணாச்சி?" என்று கேட்டார். "தெரியாது தம்பி" என்றேன். "எழுதினாலும் எழுதாட்டாலும் உள்ளதைச் சொல்லுங்க. சிநேகிதக்காரங்க எல்லாம் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னுட்டுப் போயிடுதாங்க. மறுநாள் வரமாட்டேங்காங்க" என்றார்.

உள்ளதைச் சொன்னேன். நனைகிற ரொட்டியைப் பற்றி, பசையைப் பற்றி, இருபத்திரண்டைப் பற்றி. கோபிக்காமல் கேட்டுக்கொண்டார். ரொட்டியை வெளியில்தான் வாங்குகிறாராம். சொந்தமாகச் சுடுவதற்கு அடுப்பு வாங்க வேண்டும். அம்மாவுடைய நகையும் மனைவியுடைய நகையும் ஏற்கெனவே பாங்கியில் இருக்கின்றன. "பலகையில இத்தனை பேரு இருந்தாத்தான் பையன்மார் வாராங்க அண்ணாச்சி. படம் பிடிச்சுப் போடுததுக்குப் பேரு வேணும்லா?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நான் கட்டுரைக்குத் தலைப்பு வைக்கிறபோது மட்டும் வேறென்ன செய்கிறேன்?

அன்று வெண்ணெய் தடவித்தான் கொடுத்தார். ரொட்டி நனையவில்லை. சொன்னதைக் கேட்கிறவர் என்று தெரிந்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பசை மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாம் தடவை போனபோது மத்தியானம் மூன்றரை மணி. கடையில் யாரும் இல்லை. பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. அந்த அம்மாள் ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸாண்ட்விச்சுக்காக வெட்டிய ரொட்டியின் ஓரங்களைத் தோசைக்கல்லில் போட்டு முறுமுறுவென்று வாட்டி, கிண்ணத்தில் எதிலோ தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார். வாசனை வாசல்வரை வந்தது. சொதி!

சொதியை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடுவது எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளின் வழக்கம். அதனால் மாப்பிள்ளைச் சொதி என்றும் சொல்லுவார்கள். தேங்காய்ப்பாலை முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்துகொள்ள வேண்டும். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் எல்லாவற்றையும் பின்பாலில் வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் காட்டி, கடைசியில் முதல் பாலை விட்டு, கொதித்துத் திரிந்துபோகாமல் இறக்க வேண்டும். ஆறின பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழியலாம். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அவசரக்காரர்கள் வைக்கக் கூடாத குழம்பு அது.

நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அந்த அம்மாளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "இது கடைச் சாமான் இல்லை தம்பி. மத்தியானம் வச்சது; ஓரத்தைத் தூரப் போட மனசு வரலை" என்றார். பிறகு, எங்கள் ஊர் வழக்கப்படி, "நீங்களும் கொஞ்சம் சாப்பிடுதியளா?" என்றார். நான் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சாப்பிட்டுப் பார்த்தால்தான் புரிகிறது, இதற்கு முன்னால் ஏன் யாரும் சொல்லவில்லை என்று. சோறு சொதியை வாங்கிக்கொண்டு தன் பாட்டில் இருக்கும். வாட்டிய ரொட்டி உள்ளே குடிக்கிறது; வெளியே முறுகலாக நிற்கிறது. தேங்காய்ப்பாலின் இனிப்பு, இஞ்சியின் உறைப்பு, எலுமிச்சையின் புளிப்பு, மூன்றும் ஒவ்வொரு கடியிலும் தனித்தனியே வந்துபோயின. காய்ச்சல்காரனின் ரொட்டி என்ற ஞாபகமே வரவில்லை. இதில் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கைத் தமிழர்கள் போர்ச்சுகீசிய வார்த்தையை எடுத்துக்கொண்டு ரொட்டியைப் பாண் என்று சொல்லி, சொதியோடும் சம்பலோடும் அன்றாடம் சாப்பிடுகிறார்கள். வியட்நாமில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நீளரொட்டிக்குள் ஊறவைத்த காரட்டும் முள்ளங்கியும் கொத்தமல்லித்தழையும் வைத்து, தங்கள் தேசத்துப் பண்டமாக்கிவிட்டார்கள். ரொட்டி எங்கே போனாலும் அந்த வீட்டுக் குழம்பைத்தான் தேடுகிறது. நியூயார்க்கில் டெலி வைத்தவர்கள் செய்ததும் அதுதான் என்று முன்னால் சொன்னேன்.

எங்கள் பையனோ டெலி என்ற பெயரை வாங்கிக்கொண்டார். அதற்குள் இருந்த விஷயத்தை வாசலிலேயே விட்டுவிட்டார். மெக்ஸிகோவுக்குப் பலகையில் இடம். அம்மாவின் சொதிக்குப் பின்கட்டில் இடம். அவருக்குத் திறமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தம் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் வெட்கம். அந்த வெட்கம்தான் கடையின் குறை. வெண்ணெயைத் தடவி அதைச் சரிப்படுத்த முடியாது.

இந்த வெட்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்தைந்து வயதில் நான் எழுதிய முதல் நாவலின் கதாநாயகன் பம்பாயில் மலபார் குன்றில் குடியிருந்தான். நான் அப்போது மதுரையைத் தாண்டினது கிடையாது. சமாதானபுரத்தையும் முருகன்குறிச்சியையும் எழுதினால் யார் படிப்பார்கள் என்று எண்ணம். இன்றைக்கும் என்னிடம் கையெழுத்துப் பிரதி கொண்டுவருகிற வாலிபர்களில் பலர் ஒரு மெக்ஸிகனையோ இத்தாலியனையோதான் நீட்டுகிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது தற்செயலாகத் தங்கள் பாட்டியைப் பற்றி ஏதோ சொல்லுகிறார்கள். அதுதான் கதை. "அதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டால், "அது வீட்டு விஷயம் ஸார்" என்கிறார்கள்.

வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. தம் வீட்டில் வட்டத்தொட்டி நடத்தினார். அவர் காலமானது 1954-ல். பாட்டை நாக்கில் போட்டுப் பார்த்தே தீர்மானிப்பவர். தமக்குச் சுவைபடாத பாடல்களைக் கம்பன் பாடியதே இல்லை என்று ராமாயணத்திலிருந்து தூக்கி வைத்தவர். பண்டிதர்கள் கோபித்தார்கள். அந்தச் சர்ச்சையில் நான் இறங்கவில்லை. ஆனால் ஒரு பண்டத்தில் செய்தவரின் கை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதை எங்கள் ஊரில் அவரைவிட அழுத்தமாகச் சொன்னவர்கள் இல்லை. அந்த அளவுகோலால் பார்த்தால் இருபத்திரண்டில் இருபத்திரண்டும் இடைச்செருகல்தான். மூலம் பின்கட்டில் இருக்கிறது.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். டி.கே.சி.யை விட்டுவிட்டு, சொதியை மட்டும். அவர் யோசித்துக்கொண்டு நின்றார்.

விரதத்துக்கு மூன்று தடவை போதும். ஆனாலும் போன வாரம் நாலாம் தடவை போனேன். பலகையில் இருபத்துமூன்றாவதாக ஒரு வரி ஏறியிருந்தது. 'கோகனட் ஸ்டூ வித் டோஸ்ட், ரூ. 140'. ஒரு நிமிஷம் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வரவழைத்துச் சாப்பிட்டேன். சொதி அப்பழுக்கில்லாத சொதி. அம்மாள் வைத்ததேதான். கூடவே சின்னக் கிண்ணத்தில் இஞ்சிப் பச்சடியும் வந்தது. பக்கத்து மேஜையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் அதையே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "ஏட்டி, எங்க ஆச்சி வைக்கிற சொதி மாதிரியே இருக்கு!" என்று மற்றவளிடம் சொன்னாள்.

பணம் கொடுக்கும்போது, "சொதின்னே எழுதலாமே தம்பி?" என்றேன்.

"சொதின்னு எழுதினா, வீட்லயே கிடைக்குமேம்பாங்க. நூத்திநாப்பது யாரு குடுப்பா அண்ணாச்சி?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருடைய நகைகள் பாங்கியில் இருக்கின்றன. என்னுடைய அபிப்பிராயங்களுக்கு வட்டி கிடையாது. வருகிற ஆனித் தேரோட்டம் வரைக்கும் அந்தக் கடை நடக்குமா என்று தெரியாது. நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பின்கட்டு முன்கட்டுக்கு வர நாளாகும். முதலில் வேறு பெயரில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அல்வாவுக்கும் ஒரு நாளில் ஊர்ப்பெயர் வந்துவிடவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு யோசனை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் வந்தால், தெற்கு பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் நாலு மேஜை போட்ட கடை எதிலாவது கறுப்புப் பலகை தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால், முதல் இருபத்திரண்டையும் படிக்காதீர்கள். கடைசி வரியைக் கேளுங்கள். கேட்கும்போது அதன் சரியான பெயரைச் சொல்லியே கேளுங்கள்.